லாக் என்று கொடுத்தது லாக்கே இல்லை: ஒளிப்பதிவுப் பயிற்சி வகுப்பு பற்றிய புகார்

அனுப்புநர்:
டிஜிட்டல் ஒளிப்பதிவு வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் எட்டுப் பேர்

பெறுநர்:
பாடப்பிரிவுப் பொறுப்பாளர்

பொருள்: பயிற்சிக் கோப்புகளின் குறை, 4, 7ஆம் பாடங்களில் உள்ள பிழை, வராத மதிப்பீடு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மா,

“அனுபவமுள்ள ஒளிப்பதிவாளரிடம் கற்கலாம்; அவர் எடுத்த அசல் லாக் ஃபுட்டேஜிலேயே பயிற்சி செய்யலாம்” என்று உங்கள் விளம்பரம் சொன்னது. லாக் என்பது, பின்னால் நிறம் திருத்த வசதியாக, வெளிச்சம், நிழல் இரண்டின் விவரத்தையும் வெளிறிய படமாகக் கேமரா பதிவு செய்யும் முறை. பணம் கட்டியது இந்த இரண்டுக்காகத்தான். இரண்டுமே கிடைக்கவில்லை.

முதலில் கோப்புகள். மொத்தம் 14 கிளிப். எல்லாவற்றின் பெயரிலும் எஸ்-லாக்3 (சோனி கேமராவின் லாக் முறை) என்று இருக்கிறது. மீடியாஇன்ஃபோவில் (கோப்பின் தொழில்நுட்ப விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து பார்த்தால் 14ம் ஒரே மாதிரி: எச்.264, 8 பிட், 4:2:0, வினாடிக்கு 12 மெகாபிட், அதாவது பெரிதும் சுருக்கிய கோப்புகள். கேமரா எழுதும் மெட்டாடேட்டா (பதிவு விவரக் குறிப்பு) ஒன்றிலும் இல்லை. எடிட்டிங் மென்பொருளிலிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தவை என்பதற்கு இதுவே போதும். ஆனால் இதைவிடப் பெரிய கோளாறு உள்ளே இருக்கிறது.

மூன்றாவது கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் 18% கிரே கார்டு (விழும் ஒளியில் 18% திருப்பும் சாம்பல் அட்டை), பக்கத்தில் வெள்ளைத் தாள். வேவ்ஃபார்மில் (படத்தின் வெளிச்ச அளவைச் சதவீதமாகக் காட்டும் வரைபடம்) கிரே கார்டு 41 சதவீதத்தில் நிற்கிறது. எஸ்-லாக்3இல் நடுச் சாம்பல் நிற்க வேண்டிய இடமும் 41தான். இதை மட்டும் பார்த்தால் லாக் போலவே தோன்றும். கோப்பைத் தயாரித்தவரும் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரெக்.709 (சாதாரண டிவி, மானிட்டருக்கான தரநிலை) வளைவிலும் 18% சாம்பல் கிட்டத்தட்ட அதே 41இல்தான் விழும். ஆகவே கிரே கார்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வெள்ளைத் தாளைப் பார்க்க வேண்டும். 90% வெள்ளை எஸ்-லாக்3இல் 61இல் நிற்கும், ரெக்.709இல் 95ஐ ஒட்டிப் போகும். உங்கள் கிளிப்பில் தாள் 94இல் இருக்கிறது. கறுப்பும் அதையே சொல்கிறது: லாக்கில் முழுக் கறுப்பு 3.5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, இதிலோ மேஜைக்கு அடியில் உள்ள நிழல் பூஜ்யத்தில் தட்டையாகப் படுத்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானம் 100இல் வெட்டுப்பட்டு நேர்க்கோடாக ஓடுகிறது. லட் (லாக்கைச் சாதாரண நிறத்துக்கு மாற்றும் அட்டவணை) போட்டு, அதைப் படத்திலேயே சுட்டு எடுத்து, பெயரில் மட்டும் லாக் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதன் விளைவு 9ஆம் பாடத்தில் தெரிகிறது. அங்கே ஆசிரியர் இதே கிளிப்பின் மேல் எஸ்-லாக்3இலிருந்து ரெக்.709க்கு மாற்றும் லட்டைப் போடச் சொல்கிறார். ஏற்கெனவே மாற்றிய படத்தின் மேல் இரண்டாவது மாற்றம் விழுந்தால் முகம் செங்கல் நிறமாகும், கூந்தல் ஒரே கறுப்புத் திட்டாகும். அவர் திரையில் அப்படி ஆகவில்லை, அவரிடம் அசல் இருக்கிறது. மாணவர்கள் திரையில் மட்டும் ஆகிறது. தன் மானிட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் காலிபரேட் செய்ய ஓடியவர்களும் உண்டு.

“8 பிட் என்றால் என்ன, படம் நன்றாகத்தானே தெரிகிறது” என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் போட்டது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், டிஐ (படத்தின் நிறத்தைத் திருத்தும் வேலை) செய்வதற்குத்தான் உதவாது. எஸ்-லாக்3இல் 10 பிட்டுக்கு ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரட்டிப்பாகும் அளவு) சுமார் 78 படிகள் கிடைக்கும், 8 பிட்டில் 20க்கும் குறைவு. மாலை வானம் போன்ற இடத்தில் அந்த 20 படியை இழுத்து விரித்தால் வண்ணம் பட்டை பட்டையாகப் பிரியும். 11ஆவது கிளிப்பில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினாலே இது தெரிகிறது. “அசல் கோப்பு மிகப் பெரியது, அப்லோடு செய்ய முடியாது” என்பதும் ஏற்கத்தக்க காரணம் இல்லை. வினாடிக்கு 250 மெகாபிட்டில் பதிவான 30 வினாடிக் கிளிப் ஒன்று 940 எம்பிதான் வரும். 14ம் சேர்ந்து 13 ஜிபி. ஒரு பென்டிரைவ் சமாச்சாரம்.

அடுத்து 7ஆம் பாடம். “வெயிலில் ஹைலைட் வெடிக்காமலிருக்க ஐஎஸ்ஓவை 800லிருந்து 200க்கு இறக்குங்கள்” என்கிறார் (ஹைலைட் என்பது படத்தின் மிக வெளிச்சமான பகுதி). லாக்கில், அதுவும் இஐ (எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்) முறையில் எடுக்கும்போது, இது தலைகீழ் ஆலோசனை. சென்சாரின் உணர்திறன் மாறுவதில்லை. 200 என்று வைத்து அதற்கேற்ப எக்ஸ்போஸ் செய்தால் சென்சாருக்குள் இரண்டு ஸ்டாப் அதிக ஒளி போகிறது. நடுச் சாம்பலுக்கு மேலே இருந்த இடத்தில் இரண்டு ஸ்டாப் பறிபோகிறது. நிழலில் நாய்ஸ் குறையும், அது உண்மை. ஆனால் அவர் காப்பாற்றச் சொன்ன ஹைலைட்தான் முதலில் போகும். வெயிலுக்கு ஐஎஸ்ஓவைத் தொடாமல் என்டி (ஒளியைக் குறைக்கும் சாம்பல் ஃபில்டர்) போட வேண்டும் என்பதையும், எவ்வளவு போட வேண்டும் என்ற கணக்கையும் இந்தப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். நல்ல வெயில், ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50 என்றால் எஃப்/64 தேவைப்படும். எஃப்/2.8இல் எடுக்க ஒன்பது ஸ்டாப் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்ற கணக்கில் என்டி 2.7. அவ்வளவு கனமான சாதாரண என்டி போட்டால் கறுப்புச் சட்டை பழுப்பாகத் திரும்பும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி தடுக்கப்பட்டு அகச்சிவப்பு பெரிதாகத் தடைபடாமல் உள்ளே போகிறது. அதற்கு அகச்சிவப்பையும் தடுக்கும் ஐஆர் என்டி வேண்டும். வேரியபிள் என்டியைக் கடைசி வரை திருகினால் வைட் லென்ஸில் பெருக்கல் குறி போல இருட்டு விழும். பாடத்தில் இவை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

4ஆம் பாடத்தில் “ஷட்டர் எப்போதும் 180 டிகிரி, ஃப்ளிக்கர் வந்தால் பிளகின் போட்டு எடுத்துவிடலாம்” என்கிறார். ஷட்டர் டிகிரி என்பது ஒரு ஃபிரேம் நேரத்தில் எவ்வளவு பங்கு ஒளி விழுகிறது என்பதன் அளவு (360 என்றால் முழு நேரமும்); ஃப்ளிக்கர் என்பது விளக்கு துடிப்பதால் படம் மினுங்குவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். 24 ஃபிரேமில் 180 டிகிரி என்றால் 1/48 வினாடி. அதற்குள் இரண்டு துடிப்பும் இன்னும் கொஞ்சமும் விழும். அந்தக் கொஞ்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால்தான் படம் துடிக்கிறது. 172.8 டிகிரிக்கு இறக்கினால் 1/50 வினாடி, சரியாக இரண்டு துடிப்பு. 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் 144 டிகிரி, அதாவது 1/60. எக்ஸ்போஷரில் 172.8க்கும் 180க்கும் கண்ணால் காணும் வித்தியாசம் இல்லை. டிம்மரில் ஓடும் மலிவான எல்இடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் துடிப்பு வேறு, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும். ஸ்பாட்டில் அரை நிமிட வேலை. பிளகினிடம் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் போராட்டம், நகரும் முகத்தில் பிசிறு வேறு.

ஃபோகஸ் புல்லிங் (நடிகர் நகரும்போது ஃபோகஸை மாற்றிக்கொண்டே போவது) பற்றிய 6ஆம் பாடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தரையில் டேப் மார்க் போடுவது, ஒத்திகையிலேயே நடிகர் நிற்கும் தூரத்தை அளந்து வைப்பது, ஜூமை டெலியில் ஃபோகஸ் செய்து வைடில் மங்கினால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரமான பேக் ஃபோகஸைச் சந்தேகிப்பது எல்லாம் வேலை தெரிந்தவர் வாயிலிருந்து வந்தவை. மற்ற பாடங்களை வேறு யாரோ எழுதிக் கொடுத்து அவர் படித்தாரோ என்று தோன்றுவதும் இதனால்தான்.

கடைசியாக மதிப்பீடு. மூன்று அசைன்மென்ட்டுக்கும் ஒளிப்பதிவாளரே குறிப்பு எழுதுவார் என்றீர்கள். எட்டுப் பேருக்கும் வந்தது ஒரே வரி: “சூப்பர், லைட்டிங் இன்னும் இம்ப்ரூவ் பண்ணுங்க.” கமா உட்பட ஒன்று. எட்டில் ஒருவரின் ஷாட்டில் மூக்குக் கண்ணாடியின் இரு சில்லிலும் சாஃப்ட்பாக்ஸ் சதுரமாகப் பிரதிபலிக்கிறது. “விளக்கை ஒரு முழம் உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய், போகாவிட்டால் கண்ணாடியின் காதுப்பிடியைக் கொஞ்சம் தூக்கு” என்று எழுதியிருந்தால் அது குறிப்பு. இன்னொருவர் ஷாட்டில் முகத்தின் நிழல் பக்கம் கீ (முக்கிய விளக்கு) பக்கத்தைவிட நான்கு ஸ்டாப் கீழே இருக்கிறது, காட்சியோ காலை நேரச் சமையலறை, அதற்கு இது மிக இருட்டு. இதையும் யாரும் கவனிக்கவில்லை.

நாங்கள் கேட்பது:

14 கிளிப்புகளும் கேமராக் கார்டிலிருந்து வந்தபடியே, மெட்டாடேட்டா, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பட்டியலுடன் 15 நாளுக்குள் வர வேண்டும். 4, 7ஆம் பாடங்களைத் திருத்தி மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதுவரை அவற்றின் மேல் திருத்தக் குறிப்பு போடுங்கள், புதிதாகச் சேருபவர்கள் வெயிலில் ஐஎஸ்ஓ 200 வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அசைன்மென்ட்டுகளை ஒளிப்பதிவாளரே பார்த்து, டைம்கோடு குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும். இயலாதென்றால் கோப்புகளுக்கும் மதிப்பீட்டுக்கும் உரிய கட்டணப் பகுதியை எட்டுப் பேருக்கும் திருப்பித் தாருங்கள்.

மூன்றாவது, பதினோராவது கிளிப்புகளின் வேவ்ஃபார்ம் படங்களும், 14 கோப்புகளின் மீடியாஇன்ஃபோ அறிக்கையும், உங்கள் உதவிப் பிரிவின் இரண்டு பதில்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
மாணவர்கள் எட்டுப் பேர்