தெரு மட்டம் தெரிந்தவர் யார்?

சென்னையின் தெற்குப் புறநகரில் அடுத்த மாமன்றத் தேர்தலுக்கு நிற்கப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், சுயேச்சைகளுக்கும் வணக்கம்.

2022 மார்ச்சில் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. டீக்கடையில் 'இந்த வார்டில் யாருக்கு சீட்டு' என்ற பேச்சைக் கேட்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் கையைக் கூப்பிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வருவீர்கள், 'வளர்ச்சி' என்ற சொல்லும் கூடவே வரும். அதற்கு முன்னால் ஒரு விஷயம் பேசிவிடலாம் என்று எழுதுகிறேன். எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே அந்தத் தெருவில் மட்டும் இரண்டு லோடு ஜல்லி இறங்கிவிடும்.

நான் வீடு கட்டியது 1996இல். சுற்றிலும் காலி மனைகள், நடுவில் செம்மண் பாதை. மேஸ்திரி பாதையிலிருந்து மூன்று அடி உயர்த்தி பேஸ்மட்டம் போட்டார். "இவ்வளவு எதுக்கு, மண்ணுக்கே பாதி காசு போகுதே" என்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். வாசலில் ஐந்து படி வைத்தார். இன்றைக்கு அந்த ஐந்தில் ஒரு படிதான் வெளியே தெரிகிறது. வீடு அப்படியேதான் இருக்கிறது, தெருதான் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் நாங்களும் 'ரோடு வந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார். நூற்றுக்கணக்கான ஜாக்கிகள் மேல் ஒரு வீடு நிற்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அதற்காக அவர் அடகு வைத்த நகைகளை நினைத்தால் வேடிக்கையாக இல்லை.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் விழக்கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுதியே அனுப்பினார். நல்ல உத்தரவு. ஆனால் எங்கள் தெருவில் வேலை நடக்கும்போது கையில் டேப்புடன் நின்று பார்த்தவர் யாரும் இல்லை. கவுன்சிலர் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து. பூமி பூஜையன்று தேங்காய் உடைக்க வருபவர், தார் கொட்டும் நாளிலும் வர வேண்டும்.

சரி, மழைநீர் வடிகாலுக்கு வருவோம். எங்கள் தெருவுக்கு வடிகால் வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். மேஸ்திரி விட்டுப்போன டியூப் மட்டம் பரணில் கிடந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடி போலத் தெரியும் ஒரு நீளக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து எது மேடு, எது பள்ளம் என்று சொல்லிவிடலாம். நானும் எதிர்வீட்டுப் பையனும் பிடித்துப் பார்த்தோம். தெருக்கோடியில் வடிகாலின் அடித்தளம் தெரு நடுவில் இருப்பதைவிட நான்கு விரற்கடை உயரம். அதாவது, தண்ணீர் மேடேறிப் போக வேண்டும்! பல லட்சம் செலவழித்து நீளமாக ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கொசுக்களுக்கு வீட்டு வசதித் திட்டம்.

ஆகவே என் கேள்வி பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வார்டில் பெய்கிற மழை எந்த வழியாக எங்கே போகிறது? காகிதம் பார்க்காமல் சொல்ல முடியுமா?

இந்தப் பக்கத்தின் பழைய ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது உபரி நீர் வழிந்தோடும் வாய், வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கத்து உபரி நீர் ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு வழியாகக் கடல். அந்தப் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகும். 2015 டிசம்பரில் அந்த ஆறு திரும்பி ஊருக்குள் வந்ததைப் பார்த்தோம். 2023இல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் படகு விட்டதையும் பார்த்தோம். சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, சுமார் 1,248 ஹெக்டேருக்கு. ஒரு காலத்தில் அது இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தில் குப்பைக் கிடங்கு, ஐடி வளாகங்கள், அரசு நிறுவனங்கள், நம் வீடுகள். நம் வீடுகள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் மனைக்குக் கீழே முன்பு என்ன இருந்தது என்று 1996இல் நானும் கேட்கவில்லை.

உங்கள் வார்டு எல்லைக்கோடு தண்ணீருக்குத் தெரியாது. 2011இல் சென்னை மாநகராட்சி 200 வார்டுகளாக விரிந்தது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி வந்தது. பெயர்ப் பலகை மாறியது, ஏரியும் வாய்க்காலும் மாறவில்லை. மேல் வார்டில் போட்ட வடிகால் கீழ் வார்டில் போய் முட்டி நின்றால், இரண்டு கவுன்சிலர்களும் பேசிக்கொள்கிறீர்களா? வேறு வேறு கட்சியாக இருந்தாலும்?

அடுத்து வீடுகள். எங்கள் தெருவில் தனிவீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககமாகின்றன. கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி. நான்கு பேர் இருந்த மனையில் இப்போது முப்பது பேர். இதற்கு எதிராக நான் கொடி பிடிக்கவில்லை. என் மகள் இருப்பதும் அப்படி ஒரு ஃபிளாட்டில்தான். ஜனங்கள் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும். என் கவலை அதே தெரு, அதே வடிகால், பாதாளச் சாக்கடை வராத இடங்களில் அதே செப்டிக் டேங்க் என்பதில்தான். முன்பு வருஷத்துக்கு ஒருமுறை வந்த கழிவுநீர் லாரி இப்போது வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த லாரி எங்கே போய்க் காலி செய்கிறது? இரவு பதினோரு மணிக்கு மேல் ஏரிக்கரையில் நடந்தால் சில சமயம் மூக்கே பதில் சொல்லும்.

'அடுக்குமாடிகளைக் கட்டுப்படுத்துவேன்' என்று இப்போதே சில பேர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரிய கட்டடங்களுக்கான அனுமதி சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கையில். சிறிய வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில், அதாவது விதிப்படி கட்டுகிறேன் என்று கட்டுபவரே உறுதி சொல்லி, உடனடி அனுமதி. 1992இல் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் நகரத் திட்டமிடல் உட்பட 18 பணிகளை உள்ளாட்சிக்குரியவை என்று எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி. உங்கள் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்லி ஓட்டு வாங்கினால் ஐந்து வருஷமும் 'மேலே பேசியிருக்கிறேன்' என்று சொல்லியே காலம் தள்ள வேண்டிவரும்.

கையில் இருப்பதைச் சொல்லுங்கள். சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. அடுத்ததில் நம் வார்டின் எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று கோடு போடும்போது, 'இது வாய்க்கால், இதில் கை வைக்காதே' என்று மாமன்றத்தில் எழுந்து சொல்லிப் பதிவு செய்யலாம். அதற்கு உங்களுக்கு வாய்க்கால் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்கிரமிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் 'ஆக்கிரமிப்புகளை அகற்றுவோம்' என்கிறீர்கள். அகற்றப்படுவது எப்போதும் கரையோரக் குடிசைதான். அவர்களைக் கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் கொண்டுவந்து வைத்த இடம் பெரும்பாக்கம், அதுவும் தண்ணீர் தேங்கும் பக்கம். எங்கள் அடுக்ககங்களில் பாத்திரம் தேய்க்கும் அம்மாக்கள் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். வேலை செய்யும் ஊரிலேயே அவர்கள் வாடகைக்கு இருக்க ஒரு வழி உண்டா என்று எந்த வேட்பாளரும் பேசி நான் கேட்டதில்லை. வாக்குறுதி வேண்டாம், ஒரு யோசனையாவது சொல்லுங்கள்.

பெண் வேட்பாளர்களுக்குத் தனியாக: உள்ளாட்சியில் பாதி இடம் உங்களுடையது. பதிலை நீங்களே சொல்லுங்கள் அம்மா, வீட்டுக்காரரை முன்னால் அனுப்பாதீர்கள். தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று அவரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதிப் பிரச்சினைகளைப் பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். அப்புறம் உங்கள் பகுதியில் எத்தனை முறை நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். நடந்த இடத்திலும் நாங்கள் எத்தனை பேர் போனோம் என்று கேட்டால் நான்தான் தலைகுனிய வேண்டும். 2022 தேர்தலில் சென்னை மாநகராட்சியில் ஓட்டுப் போட்டவர்களே 43.59 விழுக்காடுதான். சொத்து வரி ஏறியபோது மட்டும் வாட்ஸப்பில் எல்லோரும் கூடிவிட்டோம்.

அதனால் இந்த முறை கூட்டம் நடத்தும் செலவு எங்களுடையது. எங்கள் தெரு எது என்பதை நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், மாலை, சால்வை, மைக் எதுவும் வேண்டாம். டியூப் மட்டத்தைக் கழுவி வாசலில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன், இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.