பார்வைக்கு ஒரு மலை

டவுரங்கா, நியூசிலாந்து
20 டிசம்பர் 2015

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அப்பத்தாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "பார்வைக்கு ஒரு மலையாவது உண்டா அங்கே?" நான் சொன்ன பதில் உங்கள் காதுக்கு எட்டவில்லை. இரண்டு முறை உரக்கச் சொல்லியும் "சரி, சரி, வேளைக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இன்று விடிகாலை அந்த மலையின் உச்சிக்குப் போய்விட்டு வந்தேன். நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மலை உண்டு அப்பா. பெரிதில்லை, 232 மீட்டர்தான். மேகமலைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கரடு என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கடல். ஊரோடு அதைச் சேர்ப்பது ஒரு மணல்திட்டு மட்டும். அந்தத் திட்டின் மேல்தான் கடைத்தெருவும் வீடுகளும். ஒரு பக்கம் துறைமுகத்தின் அமைதியான நீர், மறுபக்கம் பசிபிக் பெருங்கடலின் அலை. சில நிமிட நடையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம். இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் எரிமலைக் குழம்பு கெட்டியாகப் பிதுங்கி எழுந்து, அப்படியே உறைந்துபோனதாம். அதன் பெயர் மௌவாவோ.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொன்னவர் எங்களோடு தோட்டத்தில் வேலை செய்யும் மாவோரி அம்மா ஒருவர். மாவோரிகள் இந்த நாட்டின் பூர்வகுடிகள். அந்த அம்மா நம் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் வேலை செய்யும் டெ புக்கே ஊரைச் சுற்றிலும் கிவிப் பழத் தோட்டங்கள். கிவியும் கொடிதான், நம் திராட்சை மாதிரி பந்தலில்தான் ஏறுகிறது. கல்தூணுக்குப் பதிலாக மரத்தூண், மற்றபடி கம்பி கட்டுவதும் கவாத்து செய்வதும் உங்களிடம் கற்றதுதான். ஒரே ஒரு வித்தியாசம் உங்களுக்குப் பிடிக்கும்: கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூக்கும் பருவத்தில் தேன்பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இப்போது காய் கழிக்கும் வேலை நடக்கிறது. கோணல் காயையும் ஒட்டிப்பிறந்த காயையும் கிள்ளிப் போட வேண்டும். நாள் முழுக்க அண்ணாந்தே நிற்பதால் கழுத்து வலி எடுக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அம்மா என்னிடம் என் பெயரைக் கேட்கவில்லை. "உன் மலை எது?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். மாவோரிகள் தம்மைப் பற்றிச் சொல்லும்போது முதலில் தம் மலையின் பெயரைச் சொல்வார்கள். அடுத்து தம் ஆற்றையோ கடலையோ சொல்வார்கள். பிறகு முன்னோர் வந்த படகு, குலம். தன் சொந்தப் பெயர் கடைசியில்தான். அப்படிச் சொல்வதற்கு பெபெஹா என்று பெயர். நான் "மேகமலை, முல்லைப் பெரியாறு" என்றேன். அவர் இரண்டு பெயரையும் என் வாயால் மூன்று முறை சொல்ல வைத்து, தானும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினார். மார்ச்சில் இங்கே வந்து இறங்கியதிலிருந்து என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக விசாரித்ததில்லை அப்பா.

கதையைச் சொல்கிறேன். அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முன்னொரு காலத்தில் இங்கே உள்ளே தள்ளி, காட்டின் ஓரத்தில் மூன்று மலைகள் இருந்தன. ஒன்று ஒட்டானெவாய்நுக்கு, தலைவனைப் போன்ற மலை. இன்னொன்று பூஃபெனுவா, பச்சைப் போர்வை போர்த்திய அழகி. மூன்றாவது மலைக்குப் பெயரே கிடையாது. அது தலைவனுக்கு அடிமை. பெயரில்லாத மலை பூஃபெனுவாவை விரும்பியது. அவளோ தலைவனிடம் மனத்தைக் கொடுத்திருந்தாள். இனி இங்கே இருந்து என்ன பயன், கடலில் மூழ்கிச் சாகலாம் என்று அது முடிவெடுத்தது. பட்டுப்பையரெஹெ என்ற இரவு மக்களை அழைத்து, தன்னை இழுத்துக்கொண்டுபோய்க் கடலில் தள்ளச் சொன்னது. அவர்கள் மந்திரக் கயிறு திரித்து, பாட்டுப் பாடி, இரவெல்லாம் இழுத்தார்கள். இழுத்த தடம் ஆறு ஓடும் பள்ளமாயிற்று. கடலோரம் வந்து சேரவும் பொழுது விடியவும் சரியாக இருந்தது. வெளிச்சத்தில் அந்த மக்கள் நிற்க மாட்டார்கள். போட்டது போட்டபடி காட்டு நிழலுக்கு ஓடிவிட்டார்கள். மலை நின்ற இடத்திலேயே நிலைத்துவிட்டது. போகிறபோது அவர்கள் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: மௌவாவோ. விடியலில் அகப்பட்டது என்று பொருள்.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அந்த மலையை வெறும் மலையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இன்று காலை நான்கரைக்குப் புறப்பட்டேன். அடிவாரத்தைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது, மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை இறங்கிவந்த பிறகு நடந்தேன். முதலில் உச்சிக்கு ஏறினேன். சில இடங்களில் மூச்சு வாங்கும் செங்குத்து, ஆனால் படி வெட்டியிருக்கிறார்கள். ஏறும் வழியில் சரிவு படிப்படியாகத் தெரிகிறது. பழைய காலத்தில் மாவோரிகள் இதன் மேல் கோட்டை அமைத்து வாழ்ந்தபோது வெட்டிய மேடைகள் அவை. அந்தச் சரிவுகளில் ஆடுகள் மேய்கின்றன. புல் அடங்குவதற்காக விட்டிருக்கிறார்களாம். காவலுக்கு ஓர் ஆளும் இல்லை. நம் தோட்டத்தில் கிடை போடும்போது இரவெல்லாம் கம்பளியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன்னால் சூரியன் நேராகக் கடலிலிருந்து எழுந்தது. நமக்குக் காலை என்றால் மேகமலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்து, அது மெல்ல ஏறி, வெயில் தோட்டத்துக்கு இறங்க நேரமாகும். இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. எழுந்த கணத்திலேயே முகத்தில் பட்டது. அந்த நேரத்தில் நம் ஊரில் முந்தின நாள் இரவு பத்தரை மணிகூட ஆகியிருக்காது. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து நீங்கள் அப்போதுதான் படுத்திருப்பீர்கள்.

வெளிச்சம் பரவியதும் எல்லாப் பக்கமும் பார்த்தேன். கிழக்கே வெண்மணல் கரை வளைந்து வளைந்து கண் மறையும் வரை போகிறது. மேற்கே துறைமுக வாயில். அதற்கு அப்பால் பைன் மரங்கள் அடர்ந்த மட்டகானா தீவு, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வரப்பு போலக் கடலை மறித்துக் கிடக்கிறது. வடக்கே தொலைவில் தூஹுவா தீவு. கண்ணாடி போன்ற கறுப்பு எரிமலைக் கல் அங்கே கிடைத்ததால், அந்தக் கல்லின் பெயரே தீவின் பெயராகிவிட்டது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினேன். அங்கே மேகத்தின் கீழ் மங்கலாக ஒரு மலைவரிசை. அதில்தான் ஒட்டானெவாய்நுக்குவும் பூஃபெனுவாவும் இருக்கின்றன. விட்டுவந்த இடத்தைப் பார்த்தபடியேதான் இந்த மலை நின்றுகொண்டிருக்கிறது அப்பா. நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

இறங்கி அடிவாரப் பாதையில் நடந்தபோது ஒரு சரக்குக் கப்பல் வாயிலைத் தாண்டி உள்ளே வந்தது. கூப்பிடு தூரத்தில், ஒரு தெருவே நகர்ந்து வருவது போல. இந்தத் துறைமுகத்திலிருந்துதான் நாங்கள் பறிக்கும் பழம் வெளிநாடுகளுக்குப் போகிறது. 2011 அக்டோபரில் ரேனா என்ற கப்பல் இதோ எதிரே கடலில் ஒரு பாறைத்திட்டில் மோதியது. கசிந்த எண்ணெய் இந்த வெண்மணலில் கறுப்புக் கட்டியாக ஒதுங்கியதாம். ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, மணலைச் சலித்துச் சலித்துச் சுத்தம் செய்தார்கள். இந்த மலையின் பாறை இடுக்குகளில் சின்னஞ்சிறு பென்குயின்கள் கூடு வைத்திருக்கின்றன. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு இருட்டியதும் கரையேறி வருபவை. எண்ணெயில் நனைந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழுவி, தேறிய பிறகு மறுபடியும் கடலில் விட்டார்களாம். அந்த மாவோரி அம்மாவும் மணல் சலிக்கப் போனவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. இன்று மணலில் ஒரு கறை தெரியவில்லை. என்றாலும் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன்.

பாதை முழுக்க பொஹுடுகாவா மரங்கள். டிசம்பரில்தான் பூக்கும். நம் வாகைப்பூ மாதிரி இழை இழையான பூ, ஆனால் குங்குமச் சிவப்பு. பாறையில் வேரைப் பின்னிக்கொண்டு கடலுக்கு மேலே சாய்ந்து நிற்கின்றன. உதிர்ந்த இழைகளால் பாதை சிவந்து கிடக்கிறது. கால் வைக்கவே மனம் வரவில்லை. அம்மா பார்த்திருந்தால் மடியில் அள்ளியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1864இல் இந்த ஊரில் மாவோரிகளுக்கும் ஆங்கிலேயப் படைக்கும் போர் நடந்தது. அதன்பின் ஏராளமான நிலத்தை அரசு பறித்துக்கொண்டது. மௌவாவோ 2008இல்தான் இங்குள்ள மூன்று குலத்தாருக்கு உரிமையாகத் திரும்ப வந்தது. ஆனாலும் யாரும் ஏறலாம், தடையில்லை. என்னைப் போல நேற்று வந்தவனும் ஏறலாம். அதை அறிந்தபின், ஏறும் முன் அடிவாரத்தில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டே ஏறினேன்.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஜனவரியில் பணம் அனுப்புகிறேன். பந்தலின் தென்மூலையில் சாய்ந்த தூண்களை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றால் கிழக்கே ஒரு மொட்டைப் பாறை தெரியுமே, மேகமலைக்கு முன்னால் தனியாக. சின்ன வயதில் தாத்தா அதற்கு ஒரு பெயர் சொல்வார். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நாளை வேலைக்குப் போனால் அந்த அம்மா கேட்பார். அப்பத்தாவைக் கேட்டு, பெயரைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்