நண்பன் இருக்கும் விடுதியிலேயே இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பர்களின் சேர்க்கை சரியில்லாமல் பிள்ளைகள் கெட்டுப்போவதாகச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணிதம் நடத்தியவள் நான். அந்தக் கட்டுரை சொல்வதை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நம்பியதால் இரண்டு பையன்களைப் பிரித்து வைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. ஒருவனுடைய அப்பா லாரி ஓட்டுநர். ஊரில் இருக்கும் நாட்களில் குடியும் அடியும்தான். மற்றவனின் பெற்றோர் ஆளுக்கொரு திருமணம் செய்துகொண்டு போய்விட்டார்கள். அவன் அம்மாச்சி வீட்டில் வளர்ந்தான். ஓட்டுநர் மகனின் வீட்டுப்பாட நோட்டில் அடிக்கடி நண்பனின் கையெழுத்து இருக்கும். எழுதிக் கொடுத்துக் கெடுக்கிறான் என்று நானாகவே முடிவுகட்டி, ஒருவனை அடுத்த பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். ஏன் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் ஓட்டுநரின் மகன் பள்ளிக்கு வருவது நின்றுபோனது. விசாரிப்பதற்காக அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். அவனுடைய பாடப்புத்தகங்கள் எல்லாம் அந்த வீட்டு மாடத்தில் அடுக்கியிருந்தன. முந்தைய ஆண்டுப் புத்தகங்களை அவன் அப்பா பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுக் குடித்துவிட்டாராம். அப்பா ஊரில் இருக்கும் இரவுகளில் பையன் இரண்டு தெரு தாண்டி இங்கே வந்துவிடுவான். எந்த நேரத்தில் வருவான் என்று தெரியாததால் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை என்றார் அம்மாச்சி. அடிபட்டுக் கை வீங்கிய நாட்களில் அவன் வாயால் சொல்லச் சொல்ல நண்பன் எழுதியிருக்கிறான். கணக்குகள் அவன் போட்டவை. கையெழுத்து மட்டும்தான் நண்பனுடையது. இதைக் கேட்டுக்கொண்டு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்றும் எனக்கு நெஞ்சை அறுக்கிறது.

அதற்குள் அப்பா அவனைக் கிளீனராக லாரியில் ஏற்றிவிட்டிருந்தார். பள்ளிச் சுவரில் எழுதியிருந்த 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பார்த்து, "போன் செய்யலாமா டீச்சர்?" என்று என்னிடம் வந்து கேட்டவன் அந்த நண்பன்தான். பதினான்கு வயதுப் பையனுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், அப்பாவை எச்சரித்தார்கள், பையன் வகுப்புக்குத் திரும்பினான். இருவரையும் மறுபடி ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன்.

பதினோராம் வகுப்புக்கு இருவரும் அரசு மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்தார்கள். வீட்டை விட்டு விலகி ஓரிடத்தில் நிம்மதியாகப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆனால் இருவரும் வெவ்வேறு சமூகத்தினர். நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒரு விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்கு இன்னொரு விடுதி. பிற சமூகத்தாருக்கும் சில இடங்கள் உண்டு. அந்த ஆண்டு அவை கிடைக்கவில்லை. கிடைத்தவை வேறு வேறு ஊர்களில் இரண்டு இடங்கள். இருவருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாச்சி வீட்டிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். ஒன்றரை அறை வீடு அது. அந்த மூதாட்டிக்கு யார் உதவித்தொகை கொடுத்தார்கள்?

இன்று இருவரும் வேலையில் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அம்மாச்சி காலமானபோது பேரனோடு சேர்ந்து அந்தப் பையனும் மொட்டை போட்டுக்கொண்டான். உறவுக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், அவன் பொருட்படுத்தவில்லை.

2025 ஜூலையில் எல்லா மாணவர் விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று அரசு பெயர் சூட்டியது. மனதார வரவேற்றேன். பெயர்ப்பலகையோடு சேர்க்கை விதியும் மாற வேண்டும். தத்துக் கொடுக்கும்போது உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதில் இவ்வளவு கவனம் காட்டுகிறோம். வீடு கைவிட்ட பிள்ளைக்கு நண்பன்தானே உடன்பிறப்பு? விடுதி விண்ணப்பத்தில் 'யாருடன் தங்க விரும்புகிறாய்?' என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் பதிலுக்காக இரண்டு இடங்களை ஒரே விடுதியில் ஒதுக்க வார்டனுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கைக்கு முன் துறைச் செயலாளர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடும் என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்