பிள்ளைகளை ஜெர்மனிக்கு அனுப்பும் நீலகிரிப் பெற்றோருக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர்ப் பக்கமிருந்து பிள்ளைகளை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பியிருக்கும், இந்த அக்டோபரில் அனுப்பப்போகும் அப்பா அம்மாக்களுக்கு வணக்கம். அங்கே படித்துவிட்டு ஊர் திரும்பியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் செய்யாத ஏற்பாடு இல்லை. கடனை வாங்கியாவது மாதச் செலவுக்கு மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற ப்ளாக்டு அக்கவுண்டில் வருஷத்துக்கு 11,904 யூரோ போடுகிறீர்கள். குக்கர், ரசப்பொடி வரைக்கும் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுக்கிறீர்கள். கவலையெல்லாம் குளிரைப் பற்றித்தான். ஜனவரி உறைபனியில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் குளிரைச் சமாளித்துவிடுவார்கள். டிசம்பரில் சாயங்காலம் 4 மணி வாக்கில் இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. அப்போது அறைக்குள் தனியாகக் கிடப்பதுதான் ஆளைச் சாய்க்கும்.

அங்கே சிநேகம் சட்டென்று ஒட்டாது. பக்கத்து அறைக்காரர் ஹலோ சொல்வார், அதோடு சரி. ஆனால் வாரம் தவறாமல் ஏதோ ஒன்றைச் சேர்ந்து செய்துகொண்டிருந்தால் மெல்ல மெல்ல வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். பாட்டு, கால்பந்து, மலையேற்றம் என்று எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு, ஃபெரைன் என்பார்கள். மலையேறுகிறவர்களின் ஆல்பைன் சங்கம் 1869-லிருந்து இருக்கிறது. பல்கலைக்கழகங்களே குறைந்த கட்டணத்தில் விளையாட்டு வகுப்புகள் நடத்துகின்றன. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான இடம் உண்டா?

இதெல்லாம் பெரும்பாலும் சாயங்காலம்தான். விடுதியின் பொதுச் சமையலறை களைகட்டுவதும் அப்போதுதான். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் சாப்பிட்டு முடித்து 10 மணிக்கு வீடியோ காலில் வரும்போது அங்கே மணி ஐந்தரை. ஷூ மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டி, "வர்றியா?" என்று கேட்ட வகுப்புத் தோழியை, காதில் ஹெட்போனோடு கையை மட்டும் ஆட்டி அனுப்பிய தங்கச்சிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு தடவை தட்டுவார்கள். அப்புறம் தட்டமாட்டார்கள்.

அதனால் கேட்கிறேன், தினமும் அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சாயங்காலம் நாலரை என்றால் அவர்களுக்கு நடுப்பகல். ஆசை தீரப் பேசுங்கள். மற்ற நாளில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்.

இன்னொன்று. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் அதிகம். தமிழ்ப் பிள்ளைகளும் கிடைப்பார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறவர்கள் அவர்கள்தான், அந்த உறவு கட்டாயம் வேண்டும். ஆனால் "நம்மாளுங்களோட மட்டும் இரு, கண்டவங்களோட சேராதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். வருஷக்கணக்கில் இருந்தும் ஜெர்மன் பேச வராமல், வேலை தேடும்போது திணறுகிறார்கள் அப்படி ஒதுங்கியே இருந்த பிள்ளைகள். சேர்ந்து சமைக்க ஐந்து யூரோ பங்கு போட்டேன் என்றால் அதற்கும் கணக்குக் கேட்காதீர்கள். அந்த அக்கவுண்டிலிருந்து மாதம் கைக்கு வரும் 992 யூரோவில் அது தாங்கும்.

இப்போது கிளம்புகிறவர்களின் பெட்டியில் ஊட்டி வர்க்கி இரண்டு பாக்கெட் கூடுதலாக வையுங்கள், நம்மூர் டீத்தூளும். அறைக்குள் வைத்துத் தின்ன வேண்டாம், முதல் வாரமே பொதுச் சமையலறை மேஜையில் பிரித்து வைத்து, வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு பழைய மாணவி