வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்ல எங்களுக்கு ஓர் இடம் கொடுங்கள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், வாகனக் காப்பீடு வழங்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். அடிபட்ட வண்டி முதலில் எங்களிடம் வரும். பிறகுதான் சேதத்தை மதிப்பிடும் உங்கள் சர்வேயர் வருவார். அவர் படம் எடுத்துக்கொண்டு போன சில நாள்களில் வண்டிக்காரருக்குக் கடிதம் வரும். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தக் கடிதத்தை எங்களிடம்தான் கொண்டுவந்து நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். 'வாகனத்தில் செய்யப்பட்ட மாற்றம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்ற வரியை அப்படிப் பலருக்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வரியைப் பற்றியதுதான் இந்த மடல்.

தெரிவிக்க வேண்டியது வண்டிக்காரரின் கடமை. அதில் எனக்கு மறுப்பே கிடையாது. எந்த வண்டிக்குப் பொறுப்பேற்கிறோம் என்று தெரியாமல் நீங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? என் வருத்தம் வேறு. சொல்வதற்கு முறையான இடத்தை நீங்கள் வைக்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பணம் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. விபத்து நடந்த பிறகு மட்டும் அதுவே முதல் கேள்வியாக வந்து நிற்கிறது.

பாலிசி புதுப்பிக்கும் இணையப் பக்கத்தை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். வண்டி எண்ணைப் போட்டதும் அரசின் 'வாகன்' தரவுத்தளத்திலிருந்து மாடல், பதிவு நாள் எல்லாம் தானாக வந்து உட்காருகின்றன. அடுத்து பிரீமியம், அதற்கடுத்து பணம் கட்டும் பொத்தான். கூடுதலாகப் பொருத்திய மின்சாதனங்களின் மதிப்பு, பிற துணைப்பொருள்களின் மதிப்பு, வெளியில் பொருத்திய எரிவாயு கிட்டின் மதிப்பு என்று மூன்று கட்டங்கள் பெரும்பாலும் எங்கோ ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் தொடாவிட்டால் அவை வெறுமையாகவே போய்ச் சேரும். அந்த மூன்றிலும் அடங்காத மாற்றங்களை எங்கே எழுதுவது? சக்கரத்தின் அளவை மாற்றியவர், பின்னால் இழுவைக் கொக்கி போட்டவர், சஸ்பென்ஷனை உயர்த்தியவர், வண்டியின் நிறத்தையே மாற்றியவர், இவர்களுக்கெல்லாம் ஒரு வரி எழுதும் இடம்கூட இல்லை.

நேரில் ஏஜென்ட்டிடம் போனால் வேறு கதை. "அதையெல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிவிடும்" என்பார். எவ்வளவு ஏறும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நான் சொல்கிறேன். 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளின்படி, வெளியில் பொருத்திய எரிவாயு கிட்டுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். மூன்றாம் நபர் பொறுப்புக்காக, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்காக, 60 ரூபாய். கூடுதல் மின்சாதனங்களுக்கும் அதே 4 சதவீதம்தான். 2007இலிருந்து சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான, கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்கின்றன என்றாலும், அந்தப் பழைய விதிகள் ஒரு கணக்கைக் காட்டுகின்றன: 50,000 ரூபாய் கிட்டுக்கு ஆண்டுக்கு 2,060 ரூபாய், வரி தனி. அந்தத் தொகையை மிச்சப்படுத்தித் தருவதாக நினைத்து, பல லட்சம் மதிப்புள்ள வண்டியின் பாதுகாப்பையே ஏஜென்ட் பணயம் வைக்கச் சொல்கிறார். அவர் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டியதில்லை.

சொன்னால் பிரீமியம் குறையும் இடங்களும் அதே விதிகளில் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் சொந்தச் சேத பிரீமியத்தில் இரண்டரை சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி. அதைவிடப் பெரியது 12ஆம் எண் என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் விதி. மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த வண்டிக்கு, ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) அந்தப் பதிவு இருந்தால், சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி.

என் வாடிக்கையாளர் ஒருவர் போலியோவால் இரு கால்களும் பாதிக்கப்பட்டவர், கல்லூரியில் பணிபுரிகிறார். அவருடைய ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கிறது. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர். கைப்பிடியிலிருந்து இரண்டு எஃகுத் தண்டுகள் இறங்கி, பெடல்களின் மேல் போல்ட் போட்டு இறுகியிருக்கும். அந்த போல்ட்டுகளைச் சரிபார்ப்பதற்கென்றே அவர் பட்டறைக்கு வந்துவிடுவார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி ஆய்வு முடித்து, ஆர்.சி.யிலும் பதிந்து வைத்திருக்கிறார். ஆனால் ஆண்டுக்கணக்காக முழு பிரீமியமே கட்டிவந்தார். இப்படி ஒரு தள்ளுபடி இருக்கிறது என்று அவரிடம் சொன்னவர் இல்லை. அந்தக் கைப்பிடியைப் பற்றிப் பாலிசியில் ஓர் எழுத்துகூட இல்லை. நாளை வண்டி மோதினால், தெரிவிக்காத மாற்றம் என்று அதையே காட்டி இவருக்கும் கடிதம் வருமோ என்ற கவலை எனக்கு. ஆர்.சி.யின் விவரங்களைத்தான் உங்கள் பக்கம் நொடியில் இழுத்துக்கொள்கிறதே, அதிலிருக்கும் இந்தப் பதிவு மட்டும் ஏன் உங்கள் கண்ணில் படுவதில்லை?

எரிவாயு கிட் விஷயத்திலும் இதே நிலைதான். ஆர்.சி.யில் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் என்று மாறியிருக்கும். பாலிசியில் பெட்ரோல் மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று புதுப்பிக்கும் அன்றே உங்கள் கணினி கண்டுபிடித்து, 'கிட் பொருத்தியிருக்கிறீர்களா?' என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டி எரிந்த பிறகு ஆர்.சி.யை ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயமில்லை.

மக்கள் குழம்புவதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி கட்டமைப்பில் செய்வதைத்தான் மாற்றம் என்கிறது. உற்பத்தியாளர் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய மூல விவரங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. முன்பக்கக் கம்பித் தடுப்புகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி மோதலின் வேகத்தை உணரிகளுக்குச் சரியாகக் கடத்தாமல், ஏர்பேக் விரிவதைத் தாமதப்படுத்தக் கூடும். மோதப்படும் பாதசாரிக்கும் ஆபத்து. என் பட்டறையில் அதைக் கழற்றித் தருவேன், பொருத்தித் தர மாட்டேன்.

ஆக, செய்யவே கூடாத மாற்றம் உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டிய மாற்றம் உண்டு. ஆர்.டி.ஓ.வுக்குப் போக வேண்டாம், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னால் போதும் என்பதும் உண்டு. எது எதில் அடங்கும் என்று வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. ஆர்.சி.யில் ஏற்றிவிட்டாலே காப்பீட்டுக்கும் சொன்னதாக ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள்தான் அதிகம்.

நிறுவனம் மறுப்பது சரி என்று நானே சொல்லும் வண்டிகளும் வருகின்றன. அண்மையில் முன்பக்கம் கருகிய ஒரு கார் வந்தது. கார் தயாரித்த நிறுவனம் கொடுத்த முகப்பு விளக்கு 60/55 வாட். உரிமையாளர் 100/90 வாட் பல்பு போட்டிருந்தார். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் ஐந்து ஆம்பியர். 100 வாட் என்றால் எட்டுக்கு மேல். அதிக மின்சாரத்தைத் தாங்கும் ரிலே சுவிட்ச் வைக்காமல், பழைய ஒயரையே வெட்டி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி ஒயரோடு ஒட்டிக் கிடந்தது. விளக்கின் பிளாஸ்டிக் இணைப்பான் பழுப்பேறி நொறுங்கியது. சர்வேயர் அந்த முடிச்சை மட்டும் பல கோணத்தில் படம் எடுத்தார். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. மாற்றம்தான் தீக்குக் காரணம் என்றால் அந்தச் செலவை மற்ற பாலிசிதாரர்களின் தலையில் கட்டுவது தவறு.

ஆனால் சிக்னலில் நின்றிருந்த காரைப் பின்னாலிருந்து லாரி இடித்திருக்கிறது; காரில் தெரிவிக்காத அலாய் சக்கரம் இருக்கிறது. சக்கரத்துக்கும் இடிக்கும் என்ன தொடர்பு? சக்கரத்தின் விலையைக் கொடுக்க வேண்டாம், அது உங்கள் பொறுப்பில் இல்லாத பொருள். டிக்கியும் பம்பரும் சேஸும் என்ன செய்தன? சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது திருட்டுப்போன ஒரு வழக்கில், அந்த மீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்று கூறி, உரிய தொகையில் 75 சதவீதம் தரச் சொன்ன உத்தரவை 2008இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2010இல் இன்னொரு வழக்கிலும், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்பதற்காக முழுவதையும் மறுக்காமல் 75 சதவீதம் வரை தரும் அந்த முறையை ஏற்றது. மறுப்புக் கடிதங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் பார்த்ததில்லை. கல்வியறிவு உள்ளவரே கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கைக்காசில் வண்டியை எடுத்துப் போகிறார். ஓட்டுநர் தொழிலில் இருப்பவர் வட்டிக்கு வாங்குகிறார்.

அடிபட்ட மூன்றாம் நபருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்று நிறுவனம் வாதிடுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த வாதம் எழுந்தால் சாலையில் நடந்துபோய் அடிபட்டவரின் குடும்பம் இழப்பீட்டுக்காக நீதிமன்றத்தில் இன்னும் காத்திருக்கும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2012இல் இயற்றி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், எல்லாவற்றையும் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற சுமையைத் தனிமனிதரிடமிருந்து எடுத்துவிட்டது. நிறுவனம் தெளிவாகக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும். கவனக்குறைவால் தவறாகச் சொல்லி, அதனால் பிரீமியம் மட்டும் குறைந்திருந்தால், இழப்பீடும் அந்த விகிதத்தில்தான் குறையும். 10,000 கட்ட வேண்டியவர் 8,000 கட்டியிருந்தால் அவருக்கு நூற்றுக்கு எண்பது கிடைக்கும். வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ தவறாகச் சொன்னவருக்கும், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் காப்பீடே தந்திருக்காது என்ற நிலையில் இருப்பவருக்கும்தான் முழு மறுப்பு. நம் நாட்டிலும் 2021 டிசம்பரில், ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில், படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் நிறுவனம்தான் அதை நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காருக்கு மட்டும் அது பொருந்தாதா?

ஆணையத்திடம் நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. புதுப்பிக்கும் பக்கத்தில், பணம் கட்டும் முன், 'போன முறைக்குப் பிறகு வண்டியில் ஏதாவது மாற்றினீர்களா?' என்று தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் கேட்கச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் மாற்றம் செய்தவர் ஒரு படமும் பில்லும் அனுப்பினால், எவ்வளவு கூடும், ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று எழுத்தில் பதில் தர ஒரு காலக்கெடு வையுங்கள். இப்போது மின்னஞ்சல் அனுப்பினால் தானியங்கிப் பதில் வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. அனுப்பிய அந்த மின்னஞ்சலே தெரிவித்ததற்குச் சான்று என்று அறிவியுங்கள். எந்த மாற்றத்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் ஒன்றைப் போக்குவரத்துத் துறையோடு உட்கார்ந்து தயாரித்து வெளியிடுங்கள். அதை என் பட்டறைச் சுவரில் நானே ஒட்டுகிறேன், மற்ற பட்டறைக்காரர்களையும் ஒட்டச் சொல்கிறேன்.

மறுப்புக் கடிதம் அனுப்பும்போது, அந்த மாற்றம் இந்த விபத்துக்கு எப்படிக் காரணமானது என்று ஒரு பத்தி எழுதக் கட்டாயப்படுத்துங்கள். எழுத முடியாவிட்டால் மறுக்க முடியாது என்று வையுங்கள். சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான குறைகளைக் கேட்பார் என்பதை அந்தக் கடிதத்திலேயே தமிழில், கண்ணில் படும் அளவு எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

நிறுவனங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். இதற்கு ஆணையத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளியின் வண்டி என்று ஆர்.சி.யில் பதிவுள்ள பாலிசிகளை உங்கள் பட்டியலிலிருந்து எடுங்கள். 12ஆம் எண் என்டார்ஸ்மென்ட் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தராமல் விட்டிருந்தால் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லி, வரும் புதுப்பித்தலிலேயே சேர்த்துக்கொடுங்கள். என் வாடிக்கையாளருக்கு அடுத்த மாதம் பாலிசி முடிகிறது.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பட்டறைக்காரர்