தணிக்கைக் குறிப்புகளையும் எங்களுக்குக் காட்டுங்கள்
பழைய அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர்களின் உரிமையாளர்களுக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

1966 முதல் 1969 வரை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தில் ஒளிபரப்பான, விண்கப்பல் குழுவொன்றின் பயணங்களைச் சொல்லும் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் 79 அத்தியாயங்களையும் பலமுறை பார்த்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். அத்தொடர் கடவுளைப் பற்றிப் பேசும் இடங்களில் எது எழுத்தாளரின் குரல், எது நிறுவனத்தின் அச்சம் என்பதைத் திரையை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடிவதில்லை. அதைக் காட்டக்கூடிய தாள்களில் உங்களிடம் எஞ்சியிருப்பவற்றைப் பார்வையாளர்முன் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தொடர் தொடங்குமுன்பே அச்சம் தொடங்கிவிட்டது. அக்கப்பலின் வேற்றுக்கோள் அதிகாரியான ஸ்பாக்கின் கூர்ங்காதுகள் பக்தியுள்ள பார்வையாளருக்குச் சாத்தானை நினைவூட்டும் என்று அஞ்சிய நிறுவனம், தன் விளம்பரக் கையேட்டில் அவருடைய காதுகளையும் புருவங்களையும் சாதாரண மனிதருடையவை போல் திருத்தி அச்சிட்டது. மறு ஆண்டு, 1967 அக்டோபரில், ஊரார் உணவிட்டு வணங்கும் ‘வால்’ என்ற இயந்திரத் தெய்வத்தைக் கேப்டன் கிர்க் தகர்க்கும் அத்தியாயத்தின் முடிவில், இக்கப்பலில் சாத்தானைப் போல் இருப்பவர் யார் என்று கேட்டு எல்லாரும் ஸ்பாக்கையே நோக்குகிறார்கள். நிறுவனம் மறைக்க முயன்றதை எழுத்தாளர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்ட அந்தக் காட்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அந்தத் துணிவு ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. வேற்றுக் கோளின் தெய்வம் என்றால் அது பெரும்பாலும் கணினியாகவோ ஏமாற்றாகவோ வெளிப்பட்டு உடைகிறது. அமெரிக்க வீட்டின் வரவேற்பறையில் தொழப்படும் கடவுளை மட்டும் எவரும் தொடுவதில்லை. 1967 செப்டம்பரில் வெளியான, கிரேக்கத் தெய்வமான அப்பல்லோ தோன்றும் அத்தியாயத்தில், மனிதகுலத்துக்குத் தெய்வங்கள் தேவையில்லை என்று கிர்க் சொல்கிறார். சொன்ன வாயாலேயே, ஒரே கடவுள் எங்களுக்குப் போதும் என்றும் சேர்த்துவிடுகிறார். அப்பல்லோவின் தனிமையை அத்தனை இரக்கத்தோடு காட்டும் அக்கதைக்கு இரண்டாவது வாக்கியம் சிறிதும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. 1968 மார்ச்சில், ரோமப் பேரரசு வீழாத கோளின் கதையில், சூரியனை வணங்குவதாக நாம் எண்ணியவர்கள் உண்மையில் இறைமகனை, அதாவது இயேசுவை, வணங்குபவர்கள் என்று கப்பல் அதிகாரி உஹுரா விளக்குகிறார். ஆங்கிலத்தில் சூரியனையும் (sun) மகனையும் (son) குறிக்கும் சொற்களுக்கு ஒலி ஒன்றே. அக்கதையை எழுதியவர்களுள் ஒருவரான ஜீன் ராடன்பெரி, இத்தொடரை உருவாக்கியவர்; கடவுளைச் சாராத மனிதநேயக் கொள்கையாளர். அந்த முடிவு அவர் மனத்திலிருந்து வந்ததா, வேறொருவர் மேசையிலிருந்து வந்ததா என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு இல்லையா?

தொலைக்காட்சி எழுத்தாளர் ராட் செர்லிங் விஷயத்தில் நமக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1955-இல் தென்மாநிலமான மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் நினைவோடு அவர் எழுதிய நாடகத்தை, விளம்பரதாரரின் அச்சம் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்கு இடம் மாற்றியது. தென்மாநிலத்தை நினைவூட்டும் என்று கோகோ கோலா பாட்டிலைக்கூட அகற்றியது. அதை அவரே பொதுவெளியில் சொன்னதால்தான் நாம் அறிவோம். பின்னர் அவர் உருவாக்கிய ‘ட்வைலைட் ஸோன்’ தொடரின் 1961 அத்தியாயம் ஒன்றில், கடவுள் இல்லை என்று நிறுவிவிட்டதாகக் கூறும் அரசின் முன் ஒரு நூலகர் விவிலியத்தை வாசித்தபடி மரணத்தை எதிர்கொள்கிறார். நாத்திக அரசைச் சாடும் கதைக்குப் பனிப்போர்க் கால அமெரிக்காவில் தடையேதும் இருந்திராது. நேர்மாறான கதையை எழுத எவராவது முயன்றாரா என்பதையும் உங்கள் கோப்புகளே சொல்ல வேண்டும்.

லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தில் ‘ஸ்டார் ட்ரெக்’ தயாரிப்புக் கோப்புகள் இருப்பது ஆய்வாளர்களுக்குப் பெரும் பேறு. அங்கே செல்ல இயலாதவர்களே எங்களில் மிகப் பலர். 2006 முதல் கப்பல்களையும் கோள்களையும் கணினியில் புதிதாக வரைந்து பழைய அத்தியாயங்களில் சேர்த்தீர்கள். அதே அக்கறையுடன், இனி வெளியிடும் ஒவ்வோர் அத்தியாயத்தோடும் அதன் கதைவசனத்துக்கு நிறுவனத்தின் தணிக்கை வேலையைச் செய்த ஒளிபரப்புத் தரநிலைப் பிரிவு எழுதிய குறிப்பையும், அதற்குத் தயாரிப்பாளர் அளித்த பதிலையும் இணைத்துத் தாருங்கள். அப்பல்லோ அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
நெடுநாள் பார்வையாளன் ஒருவன்