பத்து மணிக்கு மேல் பூப்பவை

வேளச்சேரி,
பிப்ரவரி 8

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்வலி காரணம் என்று வைத்துக்கொள். நிஜக் காரணம் சோம்பல்.

பால்கனிக் கம்பியில் மாட்ட மகன் இரண்டடி நீளத் தொட்டி இரண்டு வாங்கித் தந்திருக்கிறான், பத்துமணிப்பூ வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. ஆனால் நர்சரியில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதே. அந்தப் பெயரில் இரண்டு விதச் செடிகளைத் தருகிறார்கள். இங்கே டேபிள் ரோஸ் என்று கேட்டாலும் அதே கதைதான். இலையைப் பார்த்து வாங்கு.

ஒன்றுக்கு இலை உருண்டு, ஊசி போலக் கூராக இருக்கும். நாகர்கோவிலில் உங்கள் அம்மா திண்ணையோரம் வைத்திருந்தாரே, அதுதான். அடுக்குப் பூ, குட்டி ரோஜா மாதிரி. இன்னொன்றின் இலை தட்டை, அப்படியே பருப்புக்கீரை. ஆச்சரியமில்லை, இரண்டுமே பருப்புக்கீரைக்குப் பங்காளிகள்தான். தட்டை இலையில் பெரும்பாலும் ஐந்திதழ் ஒற்றைப் பூ வரும். இன்னும் சந்தேகம் என்றால் காய் முற்றட்டும். தட்டை இலைக்காரியின் காயைச் சுற்றித் தொப்பி விளிம்பு போல ஒரு வளையம் இருக்கும். இரண்டிலும் காயின் மேல்பாதி டப்பா மூடி போலக் கழன்று விழும், உள்ளே கருமணல் மாதிரி விதை.

போன வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழகு ஊசி இலைதான். ஆனால் ஐப்பசி அடைமழையில் கூழாகிப் போனது. மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கனம் குறையட்டும் என்று தொட்டியில் பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவைக் கொட்டியிருந்தேன், அது குடித்த தண்ணீரை விடவே இல்லை. தட்டை இலையும் அடியில் அழுகியது. ஆனால் அது கம்பிக்கு வெளியே ஒரு முழம் தொங்கியிருந்ததால் நுனிகள் பிழைத்தன. அவற்றை ஒடித்து நட்டதுதான் இப்போது பூக்கிறது. இந்தத் தடவை பாதி செம்மண், பாதி பெருமணல், ஒரு கை மண்புழு உரம், அவ்வளவுதான். உரம் கூடினால் இலைதான் கொழுக்கும். மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுகிறேன். கீழ்வீட்டுக்காரர் துணியில் சொட்டுவதும் நின்று, அவர் முகத்தில் சிரிப்பு திரும்பியிருக்கிறது.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். பதினோரு வருடமாக இந்தச் செடி என் வீட்டில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பிய காலமெல்லாம் நான் பார்த்தது திருகிய மொட்டும் வாடிய பூவும்தான். ஞாயிறு மட்டும் தரிசனம், அதுவும் மேகம் மூடினால் இல்லை. ஒரு பூவுக்கு ஒரே நாள் ஆயுசு, அதிலும் பாதி நாள்! ஓய்வு பெற்ற பிறகு இரண்டாவது காபியோடு அங்கேயே நாற்காலி போட்டுவிட்டேன். ஒன்பதரைக்கு ஒவ்வொன்றாக விரியும், கொசுத்தேனீக்கள் வந்துவிடும். பூவின் நடுவில் உள்ள மகரந்தத் தாள்களை விரலால் ஒரு பக்கம் தடவிப் பார், தொட்ட பக்கமே மெல்லச் சாயும். பேரனுக்குக் காட்டு.

உனக்கு இன்னும் மே வரை பள்ளிக்கூடம் இருக்கிறதே. மாலையில் பூ வேண்டுமென்றால் அந்திமந்தாரை உண்டு. ஆனால் அது கிழங்கு வைத்துப் புதராகும், ஆறங்குல ஆழக் கம்பித் தொட்டிக்குச் சரிப்படாது. ஒரு பழைய வாளியில் தனியாக வை. கம்பித் தொட்டி இரண்டிலும் தட்டை இலை போதும். அடுக்குப் பூ ஆசை விடவில்லை என்றால் ஊசி இலையைச் சின்னத் தொட்டியில் வைத்து, மழை வந்தால் உள்ளே தூக்கிக்கொள். அப்புறம், பால்கனி எந்தத் திசை என்று நீ எழுதவே இல்லை. ஐந்தாறு மணி நேர வெயில் விழாவிட்டால் இவ்வளவு நேரம் நான் எழுதியது வீண்.

அடுத்த வாரம் தம்பி மகள் கோயம்புத்தூர் வருகிறாள். விரல் நீளத் தண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். வாடியிருந்தால் பயப்படாதே, தண்ணீரில் மட்டும் போட்டு வைக்காதே. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் மூன்றும் கலந்து இருக்கும். எது எது என்று பூத்த பிறகு நீதான் எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்,
கமலா